ஸ்கிரீனில் ஒரு நிறம், பிரிண்டில் வேறு நிறம்: கோளாறு எங்கே என்று பிடிக்கும் வழி

பிரிண்ட் கைக்கு வந்ததும் நிறம் சரியில்லை என்றால் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், ஃபோட்டோஷாப்பைத் திறந்து படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, கொஞ்சம் சிவப்பைக் குறைத்து, மறுபடி பிரிண்ட் போடுவது. அந்தப் படம் ஒருவேளை சரியாகிவிடும். அடுத்த படம் ஆகாது. ஏனென்றால் கோளாறு படத்தில் இல்லை, படம் போகும் வழியில் எங்கோ இருக்கிறது. அந்த இடம் தெரியும் வரை ஸ்லைடரில் கை வைக்கக் கூடாது. இந்த வழிமுறை முழுவதும் அந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். உதாரணங்களைக் கல்யாணப் படங்களிலிருந்தே எடுத்திருக்கிறேன். பட்டு, மஞ்சள், குங்குமம், மேடை எல்இடி என்று நிறம் கெடுவதற்கு வேண்டிய எல்லாம் அங்கே ஒரே ஃபிரேமில் கிடைக்கும்.

முதலில் ஒரு சோதனைப் படம்

எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (ஸ்கிரீன்களுக்குப் பொதுவான நிற அளவுகோல்), 8 பிட்டில், ஒரே ஒரு படம் தயார் செய்யுங்கள். ஒரு ஓரத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல் கட்டங்கள், நடுவில் 128, 128, 128. இன்னொரு பக்கம் நல்ல வெளிச்சத்தில் எடுத்த முகங்கள், கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று மூன்று விதமாக. மீதி இடத்தில் ஒரு பட்டுப் புடவை, மடிப்புத் தெரியும் வெள்ளை வேட்டி, கொஞ்சம் வாழை இலை, கொஞ்சம் வானம். சேமித்தபின் இதைத் தொடவே கூடாது.

நிறம் கெட்ட அன்று முதலில் இதைப் பிரிண்ட் போடுங்கள். இது நன்றாக வந்து உங்கள் படம் மட்டும் கெட்டால், கோளாறு அந்தக் கோப்பில். இதுவும் கெட்டால், கோளாறு வழியில். தேட வேண்டிய இடம் உடனே பாதியாகிவிடும். சாம்பல் கட்டங்கள் எதற்கு என்றால், புடவை நிறத்தில் கண் எளிதாக ஏமாறும், சாம்பலில் அவ்வளவு ஏமாறாது. லேசான ரோஸ் படிந்தாலும் அங்கே பளிச்சென்று தெரியும்.

சொந்தப் பிரிண்டர் என்றால் இதற்கும் முன்னால், மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் நாசில் செக். ஒரு நிறத்தின் கோடு விட்டுவிட்டு வந்தால் ஹெட் கிளீனிங் செய்துவிட்டு வாருங்கள். அடைத்த நாசிலோடு, நிற விவரக் கோப்பான புரொஃபைலைப் பற்றி யோசிப்பது வீண் வேலை.

நிறம் சரி, ஆனால் பிரிண்ட் மொத்தமாக இருட்டு

எல்லோருக்கும் வரும் புகார் இது. சாயல் எதுவும் மாறவில்லை, முகம் மட்டும் ஒரு படி கறுத்து, வேட்டி சாம்பலாக வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் பிரிண்டர் மேல் தப்பே இல்லை. மானிட்டர் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருக்கிறது.

கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் 250 கேண்டெலாவுக்கு மேல்கூட வெளிச்சம் தரும்படி அமைந்திருக்கும். பிரிண்ட் வேலைக்கு வேண்டியது ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா. இரண்டு மடங்கு வெளிச்சத்தில் பார்த்தால் இருட்டான படமும் பிரகாசமாகத் தெரியும், நீங்களும் இன்னும் கொஞ்சம் குறைத்தே வைப்பீர்கள். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, மேலே விழுவதைத்தான் திருப்பித் தரும்.

உறுதி செய்வது எளிது. இன்ஃபோ பேனலைத் திறந்து, வேட்டியில் நேராக வெளிச்சம் விழும் இடத்தில் கர்சரை வையுங்கள். 235, 240 பக்கம் இருக்க வேண்டும். 180 என்று காட்டினால் கோப்பே இருட்டுதான், ஸ்கிரீன் உங்களை ஏமாற்றியிருக்கிறது. எண்கள் சரியாக இருந்தும் பிரிண்ட் இருட்டு என்றால், பிரிண்டரில் தேர்ந்தெடுத்த தாள் வகையையும், பிரிண்டை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்பதையும் சந்தேகப்படுங்கள்.

சரிசெய்ய நல்ல வழி, ஸ்பைடர், கேலிப்ரைட் மாதிரி, ஸ்கிரீனை அளந்து சரிசெய்யும் ஒரு கேலிப்ரேட்டர். இலக்கு கேட்கும்போது வெள்ளைக்கு டி65 (பகல் வெளிச்ச வெள்ளை), காமாவுக்கு 2.2, வெளிச்சத்துக்கு 100 கேண்டெலா என்று கொடுத்துத் தொடங்கலாம். புரொஃபைல் பதிப்பு 2-ஆ 4-ஆ என்று கேட்டால் 2. பழைய மென்பொருள்கள் சில 4-ஐப் பார்த்தால் தடுமாறும்.

கருவி வாங்க இப்போது பணமில்லை என்றால் ஒரு வெள்ளைத் தாள் போதும். பிரிண்டை வழக்கமாகப் பார்க்கும் விளக்கின் கீழ், மானிட்டர் பக்கத்தில் அந்தத் தாளைப் பிடியுங்கள். ஸ்கிரீனில் வெறும் வெள்ளை டாக்குமென்ட் ஒன்றைத் திறந்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் வரை மானிட்டரின் பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் நாள் ஸ்கிரீன் செத்த மாதிரி இருக்கும். சீக்கிரம் பழகிவிடும். இதில் வெளிச்சம்தான் சரியாகும், நிறம் சரியாகாது. ஆனாலும் புகாரில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

கூடவே அணைக்க வேண்டியவை சில உண்டு: மானிட்டரின் டைனமிக் கான்ட்ராஸ்ட், எக்கோ, விவிட் மோடுகள், லேப்டாப்பின் ஆட்டோ பிரைட்னஸ், விண்டோஸின் நைட் லைட், மேக்கில் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட். மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் நிறம் கெடுகிறது என்று யாராவது சொன்னால் நேராக நைட் லைட்டைப் பார்த்துவிடலாம்.

பார்க்கும் வெளிச்சத்துக்கும் ஒரு தரம் உண்டு. ஐஎஸ்ஓ 3664 என்ற தரநிலை, பிரிண்டை நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ் என்று இரண்டு அளவு சொல்கிறது. நிறைய வீட்டு ஹால்களில் இரவில் 500 லக்ஸ்கூட இருக்காது. அதனால் பெரிய ஃபிரேம் போடும்போது அது எங்கே மாட்டப் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாடிப்படி ஓரம் என்றால் அந்த ஒரு படத்தைத் தெரிந்தே கொஞ்சம் வெளிச்சமாகப் போடுவதில் தவறில்லை.

ஃபோட்டோஷாப்பில் ஒரு நிறம், பக்கத்து ஆப்பில் இன்னொரு நிறம்

ஃபோட்டோஷாப்பில் 255, 255, 255 வெள்ளை டாக்குமென்ட் ஒன்றைத் திறங்கள். அதே வெள்ளையை எம்எஸ் பெயின்டிலும் திறங்கள். பெயின்டில் வெள்ளை, ஃபோட்டோஷாப்பில் மட்டும் மஞ்சள் அடித்தால், மானிட்டர் புரொஃபைல் கெட்டிருக்கிறது. மானிட்டர் நிறுவனத்தின் டிரைவரோடு சேர்ந்து வரும் புரொஃபைல் சில சமயம் இப்படித்தான் இருக்கும். நிற நிர்வாகம் (கலர் மேனேஜ்மென்ட்) தெரிந்த ஆப்கள் அந்தப் புரொஃபைலை நம்பிக் கெடும், தெரியாத ஆப்கள் அதைப் படிக்காமலேயே தப்பிக்கும்.

விண்டோஸ் தேடலில் கலர் மேனேஜ்மென்ட் என்று அடித்துத் திறங்கள். உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, 'யூஸ் மை செட்டிங்ஸ் ஃபார் திஸ் டிவைஸ்' என்பதை டிக் செய்து, பட்டியலில் எஸ்ஆர்ஜிபியைச் சேர்த்து அதையே டிஃபால்ட் ஆக்குங்கள். ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்தால் வெள்ளை வெள்ளையாகிவிடும். இது முதலுதவிதான், முறையாகக் கேலிப்ரேட் செய்வதுதான் முடிவான தீர்வு. அப்படிச் செய்தபின் அதே சாளரத்தின் அட்வான்ஸ்டு பகுதியில் விண்டோஸ் டிஸ்ப்ளே கேலிப்ரேஷன் டிக் ஆகியிருக்கிறதா, அல்லது கேலிப்ரேட்டரின் சொந்த லோடர் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று வேண்டும்.

வெள்ளை சரியாக இருந்து, மற்ற ஆப்களில் சிவப்பும் பச்சையும் மட்டும் கண்ணைக் குத்தினால் அது வேறு கதை. உங்களுடையது பரந்த நிற எல்லை கொண்ட மானிட்டர். நிற நிர்வாகம் தெரியாத ஆப் எஸ்ஆர்ஜிபி எண்களை அப்படியே மானிட்டரிடம் தள்ளுகிறது, மானிட்டர் தன் முழு பலத்தோடு காட்டுகிறது. ஃபோட்டோஷாப் காட்டுவதை நம்புங்கள். எரிச்சலாக இருந்தால் மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றி, அந்த மோடிலேயே கேலிப்ரேட் செய்யுங்கள்.

ஏற்றுமதி செய்த படம் சாயம் போன மாதிரி, அல்லது காரமாக

ஒரு பிக்சலில் இருப்பது மூன்று எண்கள் மட்டும். அந்த எண்கள் எந்த அளவுகோலில் சொல்லப்பட்டவை என்பதைக் கோப்போடு ஒட்டியிருக்கும் ஐசிசி புரொஃபைல்தான் சொல்கிறது. புரொஃபைல் இல்லாத படம், 'ஐந்து' என்று எழுதிவிட்டு முழமா மீட்டரா என்று சொல்லாமல் விட்ட சீட்டு. படிப்பவர் தனக்குத் தெரிந்த அளவில் அளந்துகொள்வார்.

எஸ்ஆர்ஜிபியைவிடப் பெரிய நிறவெளியான அடோபி ஆர்ஜிபியின் எண்களை ஒருவர் எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துப் படித்தால் படம் சோர்ந்து, தோல் சாம்பல் பூத்துத் தெரியும். எஸ்ஆர்ஜிபி எண்களை அடோபி ஆர்ஜிபி என்று படித்தால் முகம் செங்கல்லாகும். அறிகுறியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

ஃபோட்டோஷாப்பின் கீழ் இடது மூலையில் இருக்கும் பட்டியில் 'டாக்குமென்ட் புரொஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'அன்டேக்டு' என்று வந்தால் புரொஃபைல் இல்லை. கேமராவிலிருந்து நேராக வந்த ஜேபெக் என்றால் கோப்புப் பெயரைப் பாருங்கள். நிக்கான், கேனான் கேமராக்களில் அடோபி ஆர்ஜிபி வைத்து எடுத்த படங்களின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். ராவில் (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுப்பவர்களுக்கு கேமராவின் இந்த அமைப்பு ஒன்றும் செய்யாது, அவர்கள் ஏற்றுமதி செய்யும் இடத்தில்தான் முடிவு.

எடிட் மெனுவில் 'அசைன் புரொஃபைல்', 'கன்வர்ட் டு புரொஃபைல்' என்று இரண்டு உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் கெட்ட படங்களுக்குக் கணக்கே இல்லை. அசைன் செய்தால் எண்கள் அப்படியே இருக்கும், அர்த்தம் மாறும், அதனால் தோற்றம் மாறும். கன்வர்ட் செய்தால் தோற்றத்தைக் காப்பாற்றுவதற்காக எண்கள் மாறும். புரொஃபைல் தொலைந்த படத்துக்கு முதலில் அசைன்: எஸ்ஆர்ஜிபி வைத்துப் பாருங்கள், அடோபி ஆர்ஜிபி வைத்துப் பாருங்கள், முகம் முகமாகத் தெரிவது எதுவோ அது. பிறகு வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டுமானால் கன்வர்ட். நல்ல புரொஃபைல் இருக்கும் படத்தில் அசைனைத் தொட வேண்டிய அவசியமே வராது.

லேபுக்கும் வெப்புக்கும் போனுக்கும் போவது எஸ்ஆர்ஜிபி, புரொஃபைல் ஒட்டியபடி. எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1996-இல் கொண்டுவந்த பழைய நிறவெளிதான். ஆனால் யார் கையில் போனாலும் தப்பாகப் படிக்கப்படும் வாய்ப்பு அதில்தான் குறைவு.

ஆல்பம் டிசைன் செய்பவர்களுக்கு ஒரு கிளைப் பிரச்சினை: ஒரே பக்கத்தில் இரண்டு படங்கள் இரண்டு நிறம். விலைக்கு வாங்கும் பிஎஸ்டி டெம்ப்ளேட்டுகள் சில, நான்கு அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே மோடில் இருக்கும், அதில் படத்தை இழுத்துப் போட்ட நொடியே நிறம் போய்விடும். கண்ட்ரோல் ஷிஃப்ட் கே அழுத்தி, கலர் செட்டிங்ஸில் 'பிரிசர்வ் எம்பெடட் புரொஃபைல்ஸ்' வைத்து, திறக்கும்போதும் ஒட்டும்போதும் பொருந்தாவிட்டால் கேட்கும்படி டிக் செய்யுங்கள். அந்த எச்சரிக்கைப் பெட்டி தொந்தரவுதான். இருக்கட்டும்.

சொந்தப் பிரிண்டரில் எல்லாம் ரோஸ் அடிக்கிறது

சோதனைப் படத்தின் சாம்பல் கட்டங்களே ரோஸாக, அதோடு கொஞ்சம் இருட்டாகவும் வந்தால் முதல் சந்தேகம்: நிறத்தை இரண்டு பேர் மாற்றுகிறார்கள். ஃபோட்டோஷாப் தாளுக்கு ஏற்றபடி எண்களை ஒருமுறை மாற்றி அனுப்பியிருக்கிறது. அது தெரியாமல் பிரிண்டர் டிரைவர் இன்னொருமுறை மாற்றியிருக்கிறது.

யாராவது ஒருவர்தான் மாற்ற வேண்டும். தாளுக்கான புரொஃபைல் உங்களிடம் இருந்தால் அந்த ஒருவர் ஃபோட்டோஷாப். பிரிண்ட் சாளரத்தில் 'ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' வைத்து, கீழே அந்தத் தாளின் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பிரிண்ட் செட்டிங்ஸுக்குள் போய் டிரைவரின் வாயை மூட வேண்டும். எப்சனில் கலர் கரெக்‌ஷன் பகுதியில் கஸ்டம் போய், 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்'. கேனானில் கலர் இன்டென்சிட்டியை மேனுவல் ஆக்கி, மேட்சிங் தாவலில் 'நன்'. மேக்கில் பெரும்பாலும் இந்தப் பகுதி தானாகவே அணைந்துவிடும், விண்டோஸில் நாம்தான் அணைக்க வேண்டும். அணைத்ததை ஒரு பிரீசெட்டாகச் சேமித்து வைக்காவிட்டால் அடுத்த வாரம் யாரோ ஒருவர் ரசீது பிரிண்ட் எடுத்துவிட்டுப் போனபின் பழையபடி திரும்பியிருக்கும்.

புரொஃபைல் இல்லையா? சரி, 'பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்' வைத்து, டிரைவரின் நிற அமைப்பை இயல்பாக விட்டுவிடுங்கள். அரைகுறையாக இரண்டையும் கலப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஃபோட்டோஷாப்பும் மாற்றாமல் டிரைவரையும் அணைத்துவிட்டால் ஒருவருமே மாற்றாத நிலை வரும். அப்போதும் நிறம் தாறுமாறாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சாயல் போகவில்லை என்றால் தாள் வகை. ஒரு புரொஃபைல் என்பது குறிப்பிட்ட பிரிண்டர், குறிப்பிட்ட மை, குறிப்பிட்ட தாள், டிரைவரில் வைத்த குறிப்பிட்ட மீடியா டைப் நான்கும் சேர்ந்த சேர்க்கைக்கு அளந்து செய்தது. மீடியா டைப்தான் எவ்வளவு மை ஊற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிறது. கிளாஸி தாளைப் போட்டுவிட்டு பிளெயின் பேப்பர் என்று வைத்தால் புரொஃபைல் என்ன செய்யும்?

எப்சன் எல்805, எல்1800 மாதிரி ஆறு மை டேங்க் பிரிண்டர்களில் வெளி மை ஊற்றி ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். அதைக் குறை சொல்லவில்லை, கணக்குக் கட்டுப்படியாக வேண்டுமே. ஆனால் மை மாறினால் நிறுவனம் தந்த புரொஃபைல் செல்லாது. அந்த மைக்கும் தாளுக்கும் சேர்த்து புதிதாக ஒரு புரொஃபைல் செய்யவேண்டும். நிறக்கட்டங்கள் உள்ள சார்ட்டைப் பிரிண்ட் எடுத்து அனுப்பினால், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளந்து கட்டணத்துக்குச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை வேறு கம்பெனி மை வாங்கினால் அதுவும் வீண், ஒரே மையில் நில்லுங்கள்.

பிரிண்ட் வெளியே வந்த நிமிடமே தீர்ப்புச் சொல்லாதீர்கள். டை மை (கரையும் சாய மை) காயக் காய நிறம் லேசாக நகரும். ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

சிவப்புப் பட்டு மடிப்பே இல்லாமல் அப்பிக்கிடக்கிறது

கல்யாணப் படங்களில் நிறம் சார்ந்த சிக்கல்களிலேயே எனக்கு மிகவும் சுவாரசியமானது இதுதான். பெரும்பாலோர் தப்பான இடத்தில் மருந்து போடுவதும் இங்கேதான்.

அரக்கு, குங்குமச் சிவப்புப் பட்டில் சிவப்பு சேனல் 255-ஐத் தொட்டு நிற்கும், பச்சையும் நீலமும் அடிமட்டத்தில் கிடக்கும். மடிப்பு, நெசவு, புட்டா எல்லாம் தெரிவது சிவப்பு எண்ணின் ஏற்ற இறக்கத்தில்தான். புடவை முழுக்க 255 என்றால் ஏற்ற இறக்கத்துக்கு இடமே இல்லை. சேனல்ஸ் பேனலில் சிவப்பை மட்டும் திறந்து பாருங்கள். புடவை இருக்கும் இடம் வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் விவரம் போய்விட்டது.

எங்கே போனது? மூன்று இடங்கள் சாத்தியம்.

கேமராவிலேயே போயிருக்கலாம். ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துப் படமெடுப்பவர்களுக்கு இது தெரியாது, ஏனென்றால் அதில் பச்சைக்குத்தான் கனம் அதிகம். கேமராவில் மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொள்ளுங்கள். ராவில் எடுத்திருந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்தால் மடிப்பு திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு. அந்த ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்தோற்றத்தை வைத்துப் போடப்படுவது, ராவில் அதைவிட மிச்சம் இருக்கும்.

இரண்டாவது, ஏற்றுமதியில். லைட்ரூம் உள்ளே மிகப் பரந்த நிறவெளியில் வேலை செய்கிறது, எஸ்ஆர்ஜிபிக்கு இறக்கும்போது எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் எல்லையிலேயே வெட்டி அடுக்கப்படுகிறது. லைட்ரூமின் டெவலப் பகுதியில் எஸ் அழுத்தி, முடிவு எப்படி வரும் என்று ஸ்கிரீனிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபில் எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்தால், சேதத்தை ஏற்றுமதிக்கு முன்பே பார்த்துவிடலாம். எல்லைக்கு வெளியே உள்ள நிறங்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்டைப் பெர்செப்சுவல் (வெட்டாமல் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்குவது) என்று மாற்றினால் தீராதா என்று கேட்பார்கள். வழக்கமான எஸ்ஆர்ஜிபி புரொஃபைலில் அதற்கான அட்டவணையே கிடையாது, எதைத் தேர்ந்தெடுத்தாலும் வெட்டுத்தான் விழும்.

அடுத்து வரும் யோசனை, அப்படியானால் அடோபி ஆர்ஜிபியில் அனுப்பலாமே என்பது. அதுவும் இந்தப் புடவைக்குப் பெரிதாக உதவாது. அடோபி ஆர்ஜிபி எஸ்ஆர்ஜிபியைவிடப் பெரியதுதான், ஆனால் அது பெரிதாவது பச்சைப் பக்கம். முதன்மைச் சிவப்பின் சாயல் இரண்டிலும் ஒன்றே. வாழைத் தோட்டத்துக்கு அது கைகொடுக்கும், கூறைப் புடவைக்கு இல்லை.

செய்ய வேண்டியது எளிது. புடவைக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு, சிவப்பின் சாச்சுரேஷனை 10, 15 என்று குறைத்து, லூமினன்ஸையும் கொஞ்சம் இறக்குங்கள். சாஃப்ட் புரூஃப் திறந்தபடியே செய்தால் மடிப்புகள் ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்க்கலாம். படம் முழுவதற்கும் செய்தால் முகத்திலும் உதட்டிலும் ரத்தம் வற்றிவிடும், அதனால்தான் மாஸ்க். சிவப்பைக் குறைத்தால் புடவை மங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். தாளில் பட்டை பட்டாகக் காட்டுவது அதன் மடிப்பும் மினுமினுப்பும்தான்.

மூன்றாவது இடம் தாள். கோப்பில் மடிப்பு இருந்து பிரிண்டில் மட்டும் இல்லை என்றால், சாஃப்ட் புரூஃபில் தாளின் புரொஃபைலை வைத்து, ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் (வெளியே இருப்பதை மட்டும் வெட்டுவது), பெர்செப்சுவல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிரிண்டர் புரொஃபைல்களில் பெர்செப்சுவல் உண்மையாகவே வேலை செய்யும். எது நன்றாக இருக்கிறதோ அது, இதில் கொள்கை எதுவும் வேண்டாம். பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் எப்போதும் டிக்கிலேயே இருக்கட்டும். மேட் தாளில் கிளாஸியைவிட நிற எல்லை சிறியது என்பதும் நினைவிருக்கட்டும்.

மேடையின் நீல, ஊதா எல்இடியில் முகம் திட்டுத் திட்டாக வருவதும் இதே நோயின் நீலப் பதிப்பு. ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருப்பினாலும் சரியாகாது. நீலத்தின் சாச்சுரேஷனை இறக்கினால் திட்டுகள் கரையும். ஒரே ஒரு நிற வெளிச்சம் மட்டும் விழுந்த முகம் என்றால் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவது மரியாதையான முடிவு.

லேபில் போட்ட பிரிண்ட் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நிறம்

ஃபிரான்டியர், நோரிட்சு போன்ற மினிலேப் மெஷின்களில் தானியங்கித் திருத்தம் உண்டு. படம் முழுவதையும் பார்த்து, ஒரே நிறம் அதிகமாக இருந்தால் அது கேமராவின் பிழை என்று நினைத்து எதிர்ப்பக்கம் தள்ளும். கடற்கரைப் படத்துக்கு அது சரி. நலங்குப் படத்துக்கு? ஃபிரேம் முழுக்க மஞ்சள், மெஷின் அதைக் கழுவி முகத்தில் நீலம் ஏற்றிவிடும். சிவப்புத் திரைக்கு முன் நிற்கும் தம்பதிக்கு முகம் பச்சை தட்டும். கறுத்த முகங்களைத் தேவையில்லாமல் வெளுப்பாக்குவதும் இந்தத் தானியங்கிதான். அதைத் திருத்தம் என்று சொல்வதே எனக்குப் பிடிப்பதில்லை.

நீங்களே திருத்திய படங்கள் என்றால், "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்க" என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு புது லேபுக்குப் போகும்போது ஆல்பத்துக்கு முன் சோதனைப் படத்தை நாலுக்கு ஆறு அளவில் ஒன்று போட்டு வாங்குங்கள். அதையே வேறொரு நாள் இன்னொரு முறையும். முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே கெமிக்கலும் மெஷின் கேலிப்ரேஷனும் நிலையாக இல்லை. உங்கள் பக்கம் எதைத் திருத்தியும் பயனில்லை, லேபை மாற்றுங்கள். இரண்டும் ஒரே மாதிரி, ஆனால் இரண்டிலும் லேசாக ஒரு சாயல் என்றால் அது நல்ல லேப். புரொஃபைல் கேட்டு வாங்குங்கள். அதை சாஃப்ட் புரூஃபுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அனுப்புவதை எஸ்ஆர்ஜிபியிலேயே அனுப்புங்கள், அவர்களே வேறு சொன்னாலொழிய.

கடையில் சரி, வீட்டில் பச்சை

பிரிண்டும் சரி, கோப்பும் சரி. விளக்குதான் வேறு. மலிவான டியூப், எல்இடிகளில் சில அலைநீளங்கள் குறைவு, மையின் கலவை அங்கே வேறு மாதிரி தெரியும். ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பிரிண்டைத் தொட வேண்டாம். வேலை மேஜைக்கு 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று போட்ட விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது மானிட்டர் முகத்தில் அடிக்காதபடி வையுங்கள்.

தாளின் வெள்ளையே பகலில் நீலமாகவும் எல்இடியில் மஞ்சளாகவும் மாறினால், தாளில் வெளுப்பூட்டும் பொருள் கலந்திருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால்தான் அது மின்னும், வெள்ளை எல்இடிகளில் அந்தக் கதிர் ஏறக்குறைய இல்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் மட்டும் சாயல் தெரிவதும் இதோடு சேர்ந்ததே. வண்ண மைகளைக் கலந்து சாம்பல் செய்யும் பிரிண்டரில் விளக்குக்கு விளக்கு அது மாறும். சாம்பல் மை உள்ள பிரிண்டரில், எப்சன் என்றால் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் மோடில் போடுங்கள், அல்லது அந்தப் படங்களை மட்டும் வெளியே கொடுங்கள்.

வானத்தில் படிக்கட்டு

வானம் சீராக மாறாமல் பட்டை பட்டையாகத் தெரியும் கோளாறு இது. பெரிதாக்கும்போது அந்தக் கோடுகள் இடம் மாறினால் அது ஸ்கிரீனின் வேலை, விட்டுவிடுங்கள். 100 சதவீதத்திலும் அதே இடத்தில் நின்றால் கோப்பு. 8 பிட் ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் இப்படி வரும். ராவிலிருந்து 16 பிட்டில் மறுபடி தொடங்குங்கள். மிகப் பரந்த நிறவெளியான புரோஃபோட்டோ ஆர்ஜிபியை 8 பிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

அழைப்பிதழில் நீலமும் ஆரஞ்சும் செத்துவிட்டன

ஆஃப்செட்டின் நான்கு மைகளால் எட்ட முடியாத நிறங்கள் உண்டு. ஸ்கிரீனின் பளீர் நீலம் தாளில் ஊதாவாகச் சாயும், மயில்கழுத்துப் பச்சை மங்கும். மஞ்சள் நன்றாகவே வரும். இதில் ஒரு பகுதி இயற்கை, அதற்கு மருந்தில்லை. டிசைன் தொடங்கும்போதே கண்ட்ரோல் ஒய் அழுத்தி, சிஎம்ஒய்கே தோற்றத்தில் பார்த்தபடி நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் குறையும்.

தவிர்க்கக்கூடிய பகுதி, தப்பான புரொஃபைல். ஃபோட்டோஷாப்பின் வட அமெரிக்க அமைப்பில் சிஎம்ஒய்கே என்றால் யூஎஸ் வெப் கோட்டட் ஸ்வாப், அதாவது அங்கத்திய சுருள் தாள் அச்சுக்கு. சிவகாசியில் ஷீட்ஃபெட் மெஷினில் ஆர்ட் பேப்பரில் அடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரஸ்ஸில் எந்தப் புரொஃபைல், மொத்த மை எத்தனை சதவீதம் வரை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கோட்டட் (பூச்சுள்ள) தாளுக்கு ஃபோக்ரா39 புரொஃபைல் பாதுகாப்பான தேர்வு. கையால் செய்த தாள் மாதிரி பூச்சில்லாத அட்டை என்றால் அதற்குத் தனிப் புரொஃபைல் வேண்டும்.

மாற்றுவது ஒரே முறை. சிஎம்ஒய்கேயாக ஆன கோப்பை இன்னொரு சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் கறுப்பு எழுத்து நான்கு மையாகப் பிரிந்துவிடும். அச்சில் தகடுகள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்துகளின் சுழிகள் அடைந்து, 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோல் ஆகும். எழுத்தை எப்போதும் தனி லேயரில், கறுப்பு மை 100, மற்ற மூன்றும் 0 என்று வையுங்கள்.

"போன்ல நல்லா இருந்துச்சே, ஆல்பத்துல ஏன் இப்படி?"

கடைசியில் வாடிக்கையாளர் வந்து கேட்பது இது. அவர் போன் பெரும்பாலும் விவிட் மோடில் இருக்கும், வெளிச்சமும் முழுதாக ஏற்றியிருக்கும். படமும் வாட்ஸ்அப்பில் சுருங்கிப் போயிருக்கும். வாதாட வேண்டாம். டிஸ்ப்ளே அமைப்பில் நேச்சுரல் மோடுக்கு மாற்றி, பிரைட்னஸைப் பாதியாக்கி, ஆல்பத்தின் பக்கத்தில் பிடித்துக் காட்டுங்கள். இனிமேல் தேர்வுக்கு அனுப்பும் படங்களை டாக்குமென்டாக அனுப்புங்கள். அட்வான்ஸ் வாங்கும் அன்றே லேபில் போட்ட ஒரு மாதிரிப் பக்கத்தைக் கையில் கொடுத்து, "பிரிண்ட் இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிடுங்கள்.